ஸ்டோர் மாடி எத்தனை பேரைத் தாங்கும்?

அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பழைய ஸ்டோரின் மாடியில் ஐயர் ஹோமத்தைத் தொடங்கினார். விறகு ஈரம்.
2. கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினர் சங்கின் பொத்தானை அமுக்கினார்.
3. படம் சரியாக விழவில்லை என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதால் மறுபடியும் அமுக்கினார்.
4. மறுபடியும். மறுபடியும்.
5. எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை இறக்கிவைத்தார்கள்.
6. பிரதம விருந்தினர் நனைந்தார். ஐயர் நனைந்தார். ஹோமம் அணைந்தது.
7. எல்லோரும் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் கீழே ஓடினேன்.

ஏழாவதைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. பயந்து ஓடினேன் என்பது ஒன்று. பென்சிலைப் பார்க்க ஓடினேன் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் சரி. அதை நம்பவைக்க வேண்டுமென்றால், ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மாடிக்கும் என் அக்காவின் கல்யாணத்துக்கும் இருந்த தொடர்பை முதலில் சொல்ல வேண்டும்.

சங்கு இல்லாத காலம்

போன வாரம், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்து எனக்கு முதல் வேலை கிடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் வேலை. கண்டியில் கிடைக்கும், கொழும்பில் கிடைக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கிடைத்தது, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற ஸ்டோரில்.

மலையில் ஸ்டோர் என்றால் கடையல்ல; தேயிலைத் தொழிற்சாலை. எங்களுடையது வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் பாதையில், வெள்ளிப் பூச்சு உரிந்த தகரச் சுவர்களும் எண்ணி முடியாத ஜன்னல்களுமாக நிற்கும். கீழே இயந்திரங்கள். மேலே கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீண்ட மாடி. அந்த மாடி முழுவதும் மரப்பலகைத் தளம்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து லொறியில் ஏறி வேறு தோட்டத்துக்குப் போகத் தொடங்கியது. அதனால் வந்த பெரிய குழப்பம், கொழுந்தைப் பற்றியதல்ல, நேரத்தைப் பற்றியது. அதுவரை எங்களுக்கு ஸ்டோர்ச் சங்குதான் கடிகாரம். அது நின்றதும் ஒவ்வொரு லயமும் தன் இஷ்டத்துக்கு ஒரு நேரத்தை வைத்துக்கொண்டது. மேட்டு லயம் ரேடியோவைக் கேட்டது. பள்ளத்து லயம் ரயிலைப் பார்த்தது. ரயில் தாமதமான நாட்களில் பள்ளத்து லயம் முழுவதும் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தாமதமாகப் போய், தோட்டத்தை நடத்தும் துரையிடம் மொத்தமாக ஏச்சு வாங்கியது.

சங்குக்கு இரண்டு மொழிகள் இருந்தன. நீளமாக ஒரு முறை ஊதினால் வேலை நேரம். விட்டு விட்டு ஊதினால் தீ.

ஸ்டோர் எரிந்தால் தோட்டத்துக்குக் கொழுந்து வேண்டாம். கொழுந்து வேண்டாமென்றால் எங்களுக்கு வேலை வேண்டாம். ஆகவே தீச்சங்கு கேட்டால் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. நான் சின்னவளாக இருந்தபோது ஒரு முறை உலர்த்தும் அறையில் தீப்பிடித்தது. அம்மா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை இறக்கி, கஞ்சியோடு தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். தீ அணைந்தது. அன்று ஸ்டோர் வாசலில் சோற்று வாசனை வந்ததாக டீமேக்கர் ஐயா பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரை ஊற்றிய தேத்தண்ணி

இரண்டாயிரங்களின் தொடக்கம், போர்நிறுத்தக் காலம். வீதியில் சோதனைச் சாவடிகள் குறைந்து, கொழும்பு ஆட்கள் மலைக்குக் குளிர் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். தோட்டத்துக் கம்பனிக்கு ஒரு யோசனை வந்தது. கீழ்த்தளத்தை அலுவலகங்களாகப் பிரித்து வாடகைக்கு விடுவது. மாடியைக் கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் மண்டபமாக்குவது. பழைமையான கட்டடம் என்பதால் இரும்புத் தூணையோ மரத்தளத்தையோ மாற்றக் கூடாது என்று நிபந்தனை. பழுது பார்க்கலாம், சுத்தம் செய்யலாம்.

சுத்தம் செய்வது என்று எழுதுவது எளிது. அந்தக் கட்டடத்தில் தேயிலைத்தூள் இல்லாத இடமே இல்லை. உத்தரத்துக்கு மேல், தகரத்துக்கு இடையில், ஜன்னல் சட்டத்துக்குள், எங்கும் தூள். பெருக்கினால் தும்மல். துடைத்தால் தும்மல். பேசாமல் நின்றாலும் தும்மல்.

வேலை தொடங்கி முதல் பெருமழை பெய்த அன்று கூரை ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் மண்ணிறமாக இருந்தது. தகரம் துருப்பிடித்துவிட்டதா, மரம் உளுத்துவிட்டதா? கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கன் கங்காணி பக்கத்தில் வந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கங்காணிக்கு அங்கே வேலையில்லை. மலையில் ஆட்களை மேய்க்க வேண்டியவர், மழைக்கு ஒதுங்கியிருந்தார்.

"தேத்தண்ணிதான் பாப்பா," என்றார். "சாயம் பத்தல. இன்னும் கொஞ்சம் ஊறணும்."

ஸ்டோரை அழகுபடுத்த வந்த கொழும்புக் கலைஞர், பழைய பொருட்களை எறியக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் படிக்கட்டு ஓரத்தில் வரிசையாகத் தொங்கிய தீ வாளிகளுக்குச் சிவப்புப் பூச்சு அடித்து, மண் நிரப்பி, பூச்செடி நட்டோம். கூரைச் சங்கை எண்ணெய் போட்டு இயங்க வைத்தோம். அதன் பொத்தானை மாடியில் ஒரு பித்தளைத் தட்டில் பொருத்தினோம். திறப்பு விழாவில் நாடா வெட்டுவதற்குப் பதிலாகப் பிரதம விருந்தினர் சங்கை ஊதுவார் என்று ஏற்பாடு. என் குறிப்பில் அதற்கு நேராக "நீளமாக, ஒரே முறை" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

சம்பந்தியும் படங்கும்

இனி அக்கா.

புவனா அக்காவுக்குக் கந்தப்பளையில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். சுரேஷ் அத்தான் வெளிநாட்டு வேலைக்குப் போகக் காத்திருந்தவர். முகூர்த்தம், திறப்பு விழாவுக்கு அடுத்த கிழமை. அது முடிந்த கையோடு அவருக்கு விமானம். அந்த நாள் தவறினால் இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பி வருவார். அக்கா வெளியில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் சோற்றுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

சிக்கல் சம்பந்தி மாமாவிடம் இருந்தது. அவருடைய மூத்த மகன் கல்யாணம் லயத்து முற்றத்தில் படங்கு கட்டி நடந்தது. நல்ல மழை. படங்கின் நடுவில் தண்ணீர் தேங்கி, பசுமாட்டு வயிறு போலத் தொங்கியது. தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த வயிற்றைத் தடியால் மேலே தள்ளிவிட்டார். அது நேரே சம்பந்தி மாமாவின் மேல் இறங்கியது.

"படங்கு கட்டுற கல்யாணம் எனக்கு வேணாங்க," என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். "கூரை உள்ள எடம்னா சொல்லுங்க. இல்லாட்டி பய போயிட்டு வரட்டும், பொறவு பாத்துக்குவோம்."

அந்த மாதத்தில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருந்த மண்டபங்கள் எல்லாம் ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தது திறக்கப்படாத எங்கள் ஸ்டோர். கேட்டேன். கம்பனிக்கும் சந்தோஷம், முதல் கல்யாணம் வேலை பார்த்த பெண்ணின் வீட்டுக் கல்யாணமாகவே இருக்கட்டும் என்றார்கள்.

"ஸ்டோர்லயா கல்யாணம்?" என்றாள் அக்கா. "அரைச்சு, சலிச்சு, பெட்டியில அடைச்சு அனுப்புவீங்களா?"

ஆனாலும் மறுநாள் சோற்றில் உப்பு சரியாக இருந்தது.

கொழுந்து ஆடாது

மாடியில் ஆட்கள் கூடுவதற்கு உள்ளூர்ச் சபையின் அனுமதி வேண்டும். அதைத் தர வேண்டியவர் அருளம்பலம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலையில் பல காலம் உத்தியோகம் பார்த்த பொறியியலாளர். குடை, தெர்மாஸ் போத்தல், கழுத்துத் துண்டு இந்த மூன்றும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மாடியில் நான்கு அடி வைத்தார். நின்றார். குதிகாலால் பலகையைத் தட்டினார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. மரத்துக்கு வயது போட்டுது. சனம் ஏறினால் என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"கணக்குப் போட்டு வச்சிருக்கேங்க ஐயா. தாங்கும்."

கணக்கை வாங்கி முழுவதும் படித்தார். பிழை கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு வருத்தமாகக்கூட இருந்திருக்கலாம்.

"கணக்கு கடதாசியிலை நிக்கும். சனம் பலகையிலை நிக்கும். எனக்குக் கண்ணாலை காணவேணும்."

"அந்தக் காலத்துல மாடி நெறையக் கொழுந்து பரப்பினாங்களே ஐயா. அவ்வளவு பாரத்தையும் தாங்குச்சே."

"கொழுந்து ஆடாது பிள்ளை. கலியாணவீட்டுச் சனம் ஆடும்."

பாரம் ஏற்றிக் காட்டினால் கையெழுத்து என்று முடித்தார். சோதனை முறையையும் அவரே சொன்னார். மாடியின் நடு உத்தரத்தில், அடிப்பக்கமாக ஒரு பென்சிலைக் கட்ட வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு கட்டையை நிறுத்தி, அதில் ஒரு வெள்ளை அட்டையை ஆணியடித்து, பென்சில் முனை அட்டையைத் தொடும்படி வைக்க வேண்டும். பாரம் ஏறி உத்தரம் தாழ்ந்தால் பென்சில் கீழ்நோக்கிக் கோடு போடும். கோடு சிறியதாக இருக்க வேண்டும். பாரம் இறங்கியதும் பென்சில் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். எளிமையான, அழகான முறை. அவர் மேல் இருந்த கோபத்தைப் பென்சில் கட்டும்போது கொஞ்சம் மறந்துவிட்டேன்.

பாரத்துக்கு எங்கே போவது? நான் யோசித்தவையும் அவற்றுக்கு நேர்ந்தவையும்:

மணல் மூட்டை. மணல் ஏற்றும் இடத்துக்குப் போகும் லொறிப் பாதை மழையில் சரிந்து கிடந்தது. வண்டி வராது.

தண்ணீர்ப் பீப்பாய். தோட்டத்தில் கிடைத்ததையெல்லாம் உருட்டி ஏற்றினோம். பாதி ஓட்டை. மீதியை நிரப்பியபோது பென்சில் அசையவே இல்லை. "அசையாத பென்சிலைப் பாத்துக் கையெழுத்துப் போடேலாது," என்று ஐயா தெர்மாஸைத் திறந்து தேநீர் குடித்தார்.

ஆட்கள். மலையில் வேலை செய்பவர்களை ஒரு மணி நேரம் மாடியில் நிற்க விடுங்கள் என்று துரையைக் கேட்டேன். துரை சிங்கள இளைஞர். தமிழைத் தோட்டத்திலேயே கற்றவர். "கொழுந்து காலம்மா. ஒரு ஆளையும் குடுக்க ஏலாது," என்றார். ஐயாவிடம் சொன்னபோது அவர் குடையைத் தரையில் ஊன்றினார். "சனத்தை வைச்சோ சோதிக்கிறது? விழுந்தால் அதுக்குப் பேர் சோதனையில்லைப் பிள்ளை."

ஆக, திறப்பு விழா வந்துவிட்டது, அனுமதி வரவில்லை. விழாவுக்கு மட்டும் ஐயா ஒரு சலுகை தந்தார். மாடியில் ஒரு நேரத்தில் இருபது பேர். மற்ற விருந்தினர்கள் எல்லோரும் கீழே. தோட்டத்து ஆட்களுக்கு அழைப்பே இல்லை. அவர்களுக்கு அன்று வழக்கமான வேலைநாள்.

"இன்னொருக்கா சேர்"

அருளம்பலம் ஐயா படிக்கட்டின் மேல்முனையில் நின்றுகொண்டார். பஸ் கண்டக்டரைப் போல ஒருவர் இறங்கினால் ஒருவரை ஏற்றினார். பிரதம விருந்தினரோடு வந்த ஒருவரையே இருபத்தொன்றாவது ஆள் என்று கீழே திருப்பி அனுப்பினார்.

உள்ளே, செங்கல்லும் மணலும் பரப்பிய இடத்தில் ஐயர் ஹோமம் வளர்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த விறகு. நெருப்பு குறைவு, புகை நிறைவு. புகை எல்லா ஜன்னல்கள் வழியாகவும் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை. நன்றாகக் காற்றோட்டம் உள்ள கட்டடம் என்று பெருமைதான் பட்டேன்.

பிரதம விருந்தினர் வெள்ளை உடையில், நல்ல உயரமாக இருந்தார். பொத்தானை அமுக்கினார். சங்கு ஊதியது. அத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்தச் சத்தம்.

"சேர், கண்ணை மூடிட்டீங்க," என்றார் தலவாக்கலை ஸ்டூடியோக்காரர். "இன்னொருக்கா சேர்."

சேர் இன்னொருக்கா அமுக்கினார்.

"கை மறைக்குது சேர். சும்மா டக்குனு. இன்னொருக்கா."

டக்கென்று அமுக்கினார்.

"இப்ப சிரிச்சுக்கிட்டு."

மூன்றாவது ஊதலில் எனக்கு விளங்கிவிட்டது. "அமுக்காதீங்க!" என்று கத்தினேன். அது நான்காவது ஊதலில் அமிழ்ந்துபோனது. ஜன்னலுக்கு ஓடினேன். எதிர் மலையில் வரிசை வரிசையாகத் தெரியும் தலைகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பியிருந்தன. புகையைப் பார்த்தன. பிறகு மலையே எழுந்து கீழே இறங்குவது போல இருந்தது.

"ஸ்டோரு பத்திக்கிச்சு! ஓடியாங்க!"

பீலிக்கரையில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், லயத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். கையில் வாளி, குடம், நனைத்த சாக்கு. படிக்கட்டு ஓரத்துச் சிவப்பு வாளிகளை ஒரே இழுப்பில் எடுத்தார்கள். பூச்செடிகள் முதலில் போயின.

கணக்குப் பார்க்கும் ஆள்

படிக்கட்டின் மேல்முனையில் அருளம்பலம் ஐயா இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "ஏறப்பிடாது! இருபது பேருக்கு மேலை ஏறப்பிடாது!"

முன்னால் வந்தது என் அம்மா. இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கொங்காணித் துணி, கையில் நிறைந்த வாளி.

"ஸ்டோரு எரியுது, இவரு ஆள் கணக்குப் பாக்குறாரு! தள்ளுங்க சாமி!"

அவர் தள்ளவில்லை. அம்மா வாளியைத் தள்ளினாள். பாதி ஐயாவின் மேல் போனது. மீதியோடு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு ஹோமகுண்டத்தை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் பறந்தது. ஐயர் நெய்ச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "சுவாமி காரியம்! சுவாமி காரியம்!" என்று கத்தினார். "சாமியையும் காப்பாத்துங்கடி!" என்று ஒரு குரல் கேட்டது, அவர் மேலும் ஒரு குடம் கவிழ்ந்தது. பிரதம விருந்தினர் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்ற குற்றத்துக்காக நடுவில் அகப்பட்டார்.

நான் கீழே ஓடியது அப்போதுதான். தோட்டம் முழுவதும் மாடியில் நிற்கிறது. ஒரு மாதமாக நான் தேடிய பாரம். கீழே பென்சில் காத்துக்கொண்டிருக்கிறது.

மாடித்தளத்தில் ஒரு துவாரம் உண்டு. வாடிய கொழுந்தைக் கீழே இயந்திரங்களுக்குக் கொட்டுவதற்காக வைத்தது. பென்சில் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அட்டையைப் பார்த்தேன். கோடு விழுந்திருந்தது. நெல்மணி நீளம். அவ்வளவுதான்.

மேலே, தீ அணைந்ததும் சத்தமும் அடங்கியது. அப்போது மூக்கன் கங்காணியின் குரல் எழுந்தது.

"யாரும் எறங்கப்படாது! ஆள் எண்ணணும்!"

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். தீ அணைந்த பிறகு உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று தெரியவேண்டும். அதனால் அணைத்த இடத்திலேயே பெரட்டு. மேட்டு லயம் ஒரு வரிசை, பள்ளத்து லயம் ஒரு வரிசை. கங்காணி எண்ணி முடிக்கும்வரை கால் பெயர்க்கக் கூடாது.

"இறக்கும்! எல்லாரையும் இறக்கும்!" என்றது அருளம்பலம் ஐயாவின் குரல்.

"எண்ணாம எறக்க மாட்டேங்க. ஆளு கொறஞ்சா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

எண்ணினார். முந்நூறைத் தாண்டியது. ஒரு ஆள் குறைந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் ஒன்று குறைந்தது.

துவாரத்தின் வழியாக என் மேல் தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். அருளம்பலம் ஐயா குப்புறப் படுத்து, துவாரத்துக்குள் முகத்தை நீட்டியிருந்தார். கண்ணாடியிலிருந்து நீர் வடிந்தது.

"பிள்ளை," என்றார் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "பென்சில்?"

"நெல்லு அளவுதாங்க ஐயா."

"கூடுதோ?"

"இல்லீங்க. அங்கயே நிக்குது."

அவர் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்கள், சமமான இடைவெளியில், வரிசையாக, ஆடாமல், வாளியோடு. எந்தப் பொறியியலாளரும் கனவில்கூட இவ்வளவு ஒழுங்கான பாரத்தைக் கண்டிருக்க மாட்டார்.

"கங்காணி," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. குரல் மாறியிருந்தது. "அவசரமில்லை. இன்னொருக்கால் ஆறுதலா எண்ணும்."

மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருந்தபோது குறைந்த ஆள் கிடைத்துவிட்டாள். பள்ளத்து லயத்து ராக்காயி அக்கா, விருந்தினர்களுக்குக் கீழே வைத்திருந்த மேசையைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றுவிட்டிருந்தாள். ஒரு கையில் வாளி, மறு கையில் கட்லட். அவளை என்னைத் தாண்டித்தான் மேலே அனுப்பினார்கள்.

"நீ ஏம்மா கீழ ஓடியாந்த?" என்று கேட்டாள். "எரியிறது மேலயில்ல?"

நான் அட்டைப் பக்கம் திரும்பினேன். அவள் மேலே போய்ச் சேர்ந்தாள். கணக்கு நேரானது. பென்சில் அசையவில்லை.

சம்பிரதாயம்

எல்லோரும் இறங்கினார்கள். பென்சில் மேலே ஏறியது. தொடங்கிய புள்ளியில் வந்து நின்றது. ஐயா படிக்கட்டு வழியாக இறங்கி வந்து, துண்டைப் பிழிந்து, கண்ணாடியைத் துடைத்து, அட்டையைப் பார்த்தார்.

"ஆக்கள் நனைஞ்சிருந்தவை," என்றார். "வாளியளிலை தண்ணி. பலகையிலையும் தண்ணி. உலர்ந்த சனத்தைவிடப் பாரம் கூட. அதையும் எழுதும்."

"எழுதுறேங்க ஐயா."

"ஆனால் நான் சனத்தை வைச்சுச் சோதிக்கச் சொல்லேல்லை. அதையும் எழுதும்."

அம்மா வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள். நான் காதில் சொன்னேன். "இவருதாம்மா கையெழுத்துப் போடணும்."

அம்மா ஐயாவைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். சொட்டச் சொட்ட நின்றார்.

"இவருதானா அவரு?" என்றாள். பிறகு கொங்காணியை அவிழ்த்து, காய்ந்த பக்கமாகப் பார்த்து நீட்டினாள். "தலைய தொவட்டுங்க சாமி. தடிமன் புடிச்சிறும். பொண்ணு கல்யாணத்துக்கு வரணும்ல."

அவர் வாங்கித் துவட்டினார்.

வாசலில் இன்னொரு சிக்கல் தீர்ந்துகொண்டிருந்தது. பிரதம விருந்தினர் துரையைப் பார்த்து நின்றார். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. "மொகத மே?" என்று பெரியவர் கேட்டார். இது என்ன?

துரை ஒரு கணம்தான் யோசித்தார். கைகளைக் கூப்பி, இது மலையகத்து மக்களின் பழைய வரவேற்புச் சம்பிரதாயம், மிகவும் மதிப்புக்குரியவர்களுக்கு மட்டும்தான் செய்வார்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

பெரியவரின் முகம் மெல்ல மலர்ந்தது. எங்கள் ஆட்களைப் பார்த்துக் கும்பிட்டார். எங்கள் ஆட்களும், ஏனென்று தெரியாமல், கும்பிட்டார்கள்.

"அப்படியே நில்லுங்க சேர்!" என்றார் ஸ்டூடியோக்காரர்.

இப்போதைய நிலை

அனுமதி இரண்டு நாளில் வந்தது. மாடியில் இருக்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும், "ஓடக் கூடாது" என்ற நிபந்தனையும் அதில் இருந்தன. அடுத்த கிழமை புவனா அக்காவின் கல்யாணம் அந்த மாடியில் நடந்தது. வெளியே நல்ல மழை. சம்பந்தி மாமா உள்ளேயும் குடையை மடக்காமல் வைத்திருந்தார். தாலி கட்டி முடிந்த பிறகுதான் மடக்கினார். அருளம்பலம் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் ஆடத் தொடங்கியபோது, அவர் எழுந்து என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே கீழே போய்க்கொண்டிருந்தேன்.

அத்தான் வெளிநாடு போய், இரண்டு வருடம் வேலை பார்த்து, திரும்பி வந்துவிட்டார். கந்தப்பளையில் இருக்கிறார்கள். அக்காவின் சமையலில் உப்பு சரியாக இருக்கிறது.

ஸ்டோரின் கீழ்த்தளத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையமும் இரண்டு அலுவலகங்களும் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்கள் இன்னும் தும்முகிறார்கள். மாடி கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் போகிறது. தோட்டத்து ஆட்களின் கல்யாணமும் அதில் உண்டு. கம்பனியின் சஞ்சிகையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, அந்த நீர் வரவேற்பு தங்களுக்கும் கிடைக்குமா என்று கொழும்பிலிருந்து கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது.

சங்கின் மின்கம்பியைத் துண்டித்துவிட்டோம். பித்தளைத் தட்டும் பொத்தானும் சுவரில் இருக்கின்றன. சிவப்பு வாளிகளில் இப்போது செடி இல்லை, தண்ணீர் இருக்கிறது. அம்மாவின் ஏற்பாடு.

பென்சிலையும் அட்டையையும் எடுக்கவில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தேன். கோடு அதே நெல்மணி நீளத்தில்தான் இருக்கிறது.